அழுத்தம் 0.04

சத்துவாச்சாரி, மாடி அறை.
கத்திரி வெயில் இறங்கியும் சுவர் இறங்காத மாலை.
நிரலுக்குக் கை என்றால் என்னவென்று
சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன்.

அதற்குக் கை தெரியாது. தெரிந்தது ஒரு படிவம்.
பெயர் என்ன, எத்தனை பொத்தான், எத்தனை அச்சு,
திரையில் அம்பை நகர்த்துமா.
ரேஷன் கடையில் கேட்பதைவிடக் குறைவுதான்.

சுட்டி வந்து இரண்டு அச்சு, மூன்று பொத்தான், ஒரு சக்கரம் என்றது.
எழுதிக்கொண்டேன்.
பேனா கொஞ்சம் பீற்றிக்கொண்டது:
குறுக்கு, நெடுக்கு, சாய்வு, அதற்கு மேல் அழுத்தம்.
அதே பேனாவைக் கவிழ்த்தால் பின்முனை அழிப்பான்;
அது வேறு சாதனம், வேறு எண்.
ஒரே அடுப்பு, இரண்டு கார்டு.

இவற்றுக்கெல்லாம் மேலே
மேசையில் எங்குமே இல்லாத ஒரு சாதனம்,
முதன்மைச் சுட்டி என்று பெயர்.
எந்தக் கம்பியும் அதில் போய் முடிவதில்லை.
யார் அசைந்தாலும் தான் அசைந்ததாகச் சொல்லும்.
வேலை பார்த்த இடங்களில்
அதன் உறவினர்களைச் சந்தித்திருக்கிறேன்.

ஆம்பூரில் இருந்து போன்.
ஷூ கம்பெனியில் வடிவம் வரைகிற ஜபீனா.
"இன்னா மேடம், கோடு பாதியில செத்துப்போவுது.
வளைவு வர்து, குதிகால்கிட்ட காணோம்."

எபிநேசர் வரைந்தான், கோடு வந்தது.
நான் வரைந்தேன், வந்தது.
பேனாவை மாற்றச் சொன்னோம், மாற்றினாள்.
கம்பியை மாற்றச் சொன்னோம்.
மூன்றாம் முறை அவள் போனை வைத்த விதத்தில்
அழுத்தத்தின் உச்ச மதிப்பு எனக்குப் புரிந்தது.

காட்பாடி ஸ்டேஷனுக்கு ஆட்டோ.
பாலத்தின் கீழே பாலாறு,
ஆறு என்று பலகை வைத்த மணல்.

அவள் வரைய வரைய எண்களை ஓடவிட்டேன்.
0.22, 0.09, 0.06,
குதிகால் திருப்பத்தில் 0.04, 0.04, 0.04.
அப்போதுதான் பார்த்தேன்,
அவள் சுட்டுவிரல் முதல் கணுவோடு முடிந்திருந்தது.
"விரல்..." என்று ஆரம்பித்தேன்,
குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டு.

"அது கட்டிங் பிரஸ், எப்பவோ.
அதுக்கும் இதுக்கும் இன்னா?
பதினோரு வருஷம் ஆட்டுத்தோல்ல குறி போட்ட கை மேடம்.
அழுத்தினா தோலு நாசம், காசு நம்மள்து."

நிரலில் இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி:
அழுத்தம் 0.05க்குக் கீழே என்றால்
பேனா தொடவில்லை.
எழுதியது நான்தான்.
என் கை தயங்குகிற இடமெல்லாம் புள்ளி விழுகிறது என்று
ஒரு ராத்திரி, தூக்கத்தில்.
பேனா பொய் சொல்லவில்லை.
பூஜ்ஜியத்தில் இருந்து ஒன்றுவரை என்று
முதல் நாளே சொல்லிவிட்டது.

திரும்பும்போது பாலத்தில் நெரிசல்.
படிவத்தில் இரண்டும் தனித்தனிக் கட்டம்:
அச்சே இல்லை என்பது ஒன்று,
அச்சு உண்டு, இப்போது மதிப்பு பூஜ்ஜியம் என்பது இன்னொன்று.
இந்த ஆற்றுக்கு ஓட்டம் என்று ஓர் அச்சு உண்டு.
ஒரு நவம்பரில் அது படித்த எண்ணைப் பார்த்து
கரையோரம் மனை வாங்கியவர்கள்
பீரோவோடு மாடிக்கு ஏறினார்கள்.
அவர்களும் 'இல்லை' என்றுதான் படித்திருந்தார்கள்.

வரியை அழித்தேன்.
ராத்திரி எபிநேசர் கத்தினான்:
"என் கோட்டுல எல்லாம் கொசு உக்காந்த மாதிரி புள்ளி!"

அமைப்புகளில் ஒரு பெட்டி வைத்தேன்,
கையின் கனம் என்று.
இழுத்து அவரவர் வைத்துக்கொள்ளலாம்.
யாரும் தொடாதவரை
அது ஜபீனாவின் கையில் நிற்கும்.
இழுக்க வேண்டியது நானும் எபிநேசரும்.